கொசு இல்லாத இடம்

போன வாரம், நான் உயிரோடுதான் இருக்கிறேன் என்று நிரூபித்துவிட்டு வரப் போயிருந்தேன்.

சிரிக்காதீர்கள். பென்ஷன் வாங்குகிறவர்கள் எல்லோரும் வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற காரியம்தான். இங்கே திருவனந்தபுரத்தில் டிரெஷரிக்கு நேரில் போய் நிற்க வேண்டும். இன்னார் வந்தார், உயிரோடு இருக்கிறார் என்று அங்கே எழுதிக்கொள்வார்கள். கிளம்பும்போதே என் கணவர் ஆரம்பித்துவிட்டார். "இதுக்கு அவ்வளவு தூரம் போகணுமா? வலியசாலைலேந்து நீ ஒரு வார்த்தை பேசினா கிழக்கேகோட்டை வரைக்கும் கேக்குமே, அது போறாதா அவாளுக்கு?"

வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். என் முறை வந்தது. கவுன்டரில் ஒரு சின்னப் பெண். என் தாளை எடுத்தாள். போன வருஷத்து வரியைப் பார்த்தாள். அதன் கீழே இந்த வருஷத்துக்கு 'மாற்றமில்லை' என்று மலையாளத்தில் எழுதி, சீல் குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை!

நான் நகரவில்லை. "மோளே, ஒரு தடவை என்னைப் பாரு" என்றேன். பார்த்தாள். "எந்தா மேடம், எல்லாம் சரியாணல்லோ" என்றாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. தாளில் பெயர் சரி, நம்பர் சரி, சீலும் நேராக விழுந்திருந்தது. ஆனால் எனக்குப் பதிலாக ஒரு விளக்குமாற்றுக்குப் புடவை சுற்றி நிறுத்தியிருந்தாலும் அவள் அதையேதான் எழுதியிருப்பாள்.

மாற்றமில்லை... இந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. ஏன் என்று, பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வெட்கம், அவ்வளவுதான். ஊரில் இருக்கிறவர்களையெல்லாம் வாரா வாரம் கிண்டல் செய்கிறேன். என்னை மட்டும் விட்டு வைத்தால் நியாயமா?

நான் வேலை பார்த்த அலுவலகம் உங்களில் பலருக்குத் தெரியும். ஆலைப் புகை, சாக்கடை, கழிவு — யார் எதை எங்கே விடலாம், எங்கே விடக்கூடாது என்று பார்க்கிற ஆபீஸ். அதில் நான் அபாயகரமான கழிவுகள் செக்‌ஷன். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். நாலு மேஜை, இரண்டு பீரோ, ஒரு ஃபேன். அங்கே கழிவும் கிடையாது, அபாயமும் கிடையாது. வெறும் காகிதம்.

ஆலைகளிலிருந்து வரும் அமிலச் சேறு, கறுப்பு எண்ணெய் இதையெல்லாம் சேர்த்து வைக்கிற கிடங்குகளுக்கு எங்கள் ஆபீஸின் அனுமதி வேண்டும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கும் முன்னால் இன்ஜினீயர் நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் தர வேண்டும். இது விதி.

ஆனால் மாவட்டம் முழுக்கப் பார்க்க எங்களிடம் இருந்தது இரண்டே இன்ஜினீயர்கள். அதனால் விதிக்குப் பக்கத்திலேயே ஒரு வழக்கம் முளைத்தது. பழைய ரிப்போர்ட்டை எடுத்து, தேதியை மட்டும் மாற்றி, நான் டைப் அடித்து வைத்துவிடுவேன். இன்ஜினீயர் போய்ப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். இது முதலில். அப்புறம், அந்தப் பக்கம் வேறு வேலையாகப் போனால் எட்டிப் பார்த்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுவார். அதற்கும் அப்புறம், போகாமலேயே கையெழுத்துப் போடுவார்.

யாரும் கை நீட்டி எதுவும் வாங்கவில்லை. இதை எந்தக் கோயிலிலும் சூடம் அணைத்துச் சொல்வேன். எல்லோரும் நல்லவர்கள். வேலை தேங்கக் கூடாதே என்று நினைத்தவர்கள். நல்லவர்கள் கூடிச் செய்கிற காரியத்தில் தப்பு வராது என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் புதிதாக ஒரு மேலதிகாரி வந்தார். சுறுசுறுப்பான மனிதர். எங்கள் பீரோக்களைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். புதுப்பிக்க வந்த விண்ணப்பங்கள் மாசக்கணக்கில் தூங்கின. "இந்த முறையையே மாத்தணும் மேடம்" என்றார். அவர் யோசனை சுலபமானது. 'எங்கள் இடத்தில் எந்த மாற்றமும் இல்லை' என்று கிடங்குக்காரர் ஒரு தாளில் எழுதித் தர வேண்டும். முப்பது நாளுக்குள் ஆபீஸ் ஆட்சேபிக்காவிட்டால் அனுமதி தானாகவே புதுப்பிக்கப்பட்டதாக அர்த்தம். இன்ஜினீயர் போவது, ரிப்போர்ட், காத்திருப்பு — ஒன்றும் வேண்டாம்.

இந்தச் சீர்திருத்தக் குறிப்பை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்?

நானேதான். பெருமையாகத்தான் எழுதினேன். எப்படியும் நடக்காத ஒன்றை நடக்க வேண்டாம் என்று சொல்வதில் என்ன தப்பு? திங்கட்கிழமை கமிட்டி. அதற்குள் ஒரு மாதிரி ஃபைலை எடுத்து, இந்த மாதிரி இடங்களுக்கெல்லாம் எதற்கு வீண் சிரமம் என்று போட்டோவோடு காட்டச் சொன்னார் அதிகாரி.

எந்த ஃபைல் என்று நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. வித்துரா போகிற வழியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே ஒரு கிடங்கு. ஒரு புகார் கிடையாது, ஒரு நினைவூட்டல் கடிதம் கிடையாது. பட்டுப் போன்ற ஃபைல். அதில் முதல் ரிப்போர்ட்டை எழுதிய இன்ஜினீயர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். நுணுக்கமான மனிதர் போலிருக்கிறது. மற்றவர்கள் 'நீர்நிலை திருப்திகரம்' என்று முடித்துக்கொள்கிற இடத்தில் அவர் இப்படி எழுதியிருந்தார்: 'கிணற்று நீர் தெளிவாக உள்ளது. கிணற்றில் தவளைகள் காணப்பட்டன. அடுத்த வீட்டு மாதவன் பிள்ளை இதே நீரைக் குடிப்பதாகச் சொல்லிக் கையெழுத்திட்டார்.'

எல்லாம் இங்கிலீஷில்தான். ஆனாலும் அந்தத் தவளை வரி எனக்கு ரொம்பப் பிடிக்கும். சர்க்கார் காகிதத்தில் தவளை வருமா? எட்டு வருஷத்தில் நான்கு தடவை அதை டைப் அடித்தேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டேதான் அடித்தேன்.

போட்டோ எடுக்கப் போனவர் விஜயன். எங்கள் இரண்டு இன்ஜினீயர்களில் ஒருவர், பாறசாலைக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். நானும் வருகிறேன் என்று ஜீப்பில் ஏறிக்கொண்டேன். எட்டு வருஷமாகக் கழிவுக் கிடங்குகளைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தவள், ஒன்றைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. வரும் வழியில் வித்துராச் சந்தையில் சேனை, காய்ச்சில் கிழங்கு வாங்கலாம் என்ற ஆசையும் இருந்தது. மறைப்பானேன்?

எடவப்பாதி மழை கொட்டிவிட்டு அன்றைக்குத்தான் விட்டிருந்தது. காலை பதினொரு மணி. நல்ல வெயில். மெயின் ரோட்டிலேயே ஜீப்பை நிறுத்திவிட்டு ரப்பர் மரங்களுக்கு நடுவே நடந்தோம். ஜூன் மாதத்து மலையடிவாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? சில்வண்டுகள் காதைக் கிழித்தன. தேங்கிய குட்டை ஒவ்வொன்றிலும் தவளைக் கச்சேரி. விஜயன் சொல்வது எனக்குக் கேட்கவில்லை, நான் சொல்வது அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு பேரும் கத்திப் பேசிக்கொண்டே போனோம்.

கிடங்கின் இரும்புக் கேட்டைத் தாண்டி இருபது அடி போயிருப்போம். நான் ஏதோ சொன்னேன். என் குரலே என்னைத் தூக்கிவாரிப் போட்டது.

அவ்வளவு உரக்க ஏன் கத்துகிறேன்?

சத்தம் நின்றிருந்தது. ரேடியோவை யாரோ அணைத்தது போல. திரும்பிப் பார்த்தேன். ரப்பர் மரங்கள் அங்கேதான் இருந்தன. நாலு அடி பின்னால் போனால் சில்வண்டு மெல்லக் கேட்டது. முன்னால் வந்தால் இல்லை. விஜயனும் இரண்டு தடவை போய் வந்து பார்த்தார். சிறுபிள்ளை விளையாட்டு மாதிரி இருந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. "மேடம், இவிடெ ஒரு சத்தமும் இல்ல, ஸ்ரத்திச்சீங்களா?" என்றார். அதையும் ரகசியம் மாதிரிதான் சொன்னார்.

கிடங்கில் பயப்படும்படி ஒன்றும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. தகரம் போட்டு மூடிய சிமென்ட் தொட்டிகள் வரிசையாக. நீல டிரம்கள், மூடி போட்டு, ஒழுங்காக. நாற்றம்கூட இல்லை. லேசாகக் காசை நாக்கில் வைத்த மாதிரி ஒரு ருசி, காற்றில். தரையில் புல் இருந்தது. ஆனால் அதில் ஒரு வெட்டுக்கிளி இல்லை, தும்பி இல்லை, ஈ இல்லை. ஊரெல்லாம் பச்சைப் பாசி ஏறிக் கிடக்கிற மாசத்தில் அந்த மதில் மட்டும் நேற்று கழுவி விட்ட மாதிரி இருந்தது.

எங்கிருந்தோ கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. அந்த நிசப்தத்தில் அது எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் ஆள் வந்தாள்.

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பெண். செல்வி என்று பெயர். தென்காசிப் பக்கம். புருஷன் கட்டட வேலைக்கு இங்கே வந்தவன். மூன்று வருஷமாக இந்தக் கிடங்குக்குக் காவல். மதிலோரத்து ஒற்றை அறையில் குடியிருக்கிறார்கள். நான் பேசியது தமிழ் என்று தெரிந்ததும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வாங்கம்மா, உக்காருங்க. அவுக டவுனுக்குப் போயிருக்காவ. தமிழ்ல பேசி எத்தன நாளாச்சு" என்றாள். வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே பேசினாள். நாலு மாசம்.

முதலில் கிணற்றைப் பார்க்க வேண்டும் என்றேன். என் தவளைகள் அங்கேதானே இருந்தன.

வட்டக் கிணறு. எட்டிப் பார்த்தேன். அம்மாடி... அப்படி ஒரு தண்ணீரை நான் பார்த்ததில்லை. அடி தெரிந்தது. அடியில் கிடந்த கல் தெரிந்தது. எப்போதோ தவறி விழுந்த எவர்சில்வர் டம்ளர் ஒன்று பளபளவென்று கிடந்தது. இந்த ஊரில், மழைக்காலத்தில், கிணற்றுச் சுவரில் பாசியும் பெரணியும் இல்லாமல் இருக்குமா? ஒரு இலை இல்லை. தண்ணீரில் ஒரு புழு இல்லை, ஒரு மீன் இல்லை. குனிந்த என் முகம் மட்டும் ஆடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

'கிணற்று நீர் தெளிவாக உள்ளது.' அந்த வரி மட்டும் நிஜம்தான்.

"தவளை இருக்குமா செல்வி?" என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தவளை என்ன, இங்கே ஒன்றுமே கிடையாது என்று பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். "ஒரு கொசு கெடையாதும்மா. கதவத் தொறந்து போட்டுத் தூங்கலாம். சீனி டப்பாவ மூடவே வேண்டாம், ஒரு எறும்பு வராது. எங்க ஊருல இப்படி இருக்குமா சொல்லுங்க."

திருவனந்தபுரத்தில் கொசு இல்லாத இடம்! நியாயமாக நான் பொறாமைப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ ஃபைலின் அடுத்த வரி ஞாபகம் வந்தது. அடுத்த வீட்டு மாதவன் பிள்ளையைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவள் மதிலுக்கு அந்தப் பக்கம் கை காட்டினாள். ஓடு சரிந்து, கதவு பூட்டி, வாசற்படி மண்ணில் புதைந்து ஒரு வீடு. அவர்கள் இங்கே குடிவருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டாராம்.

மூன்று வருஷத்துக்கு முன்பே. நான் கடைசியாகப் புதுப்பித்தது போன வருஷம். அதில் அவர் கையெழுத்து இருந்தது.

விஜயன் என்னைப் பார்த்தார். நான் விஜயனைப் பார்த்தேன். 

செல்வி பேச்சு விட்டுப்போன ஏக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தாள். இடம் நல்ல இடம்தான், ஒரு குறை மட்டும்தான் என்றாள். நான் என்ன குறை என்று கேட்டேன். அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். "அமாவாசைக்குச் சோறு வச்சா காக்கா வர மாட்டேங்கும்மா. காலைல வச்சது சாயங்காலம் வரைக்கும் அப்படியே காஞ்சு கெடக்கு. மூணு வருசமா ஒரு அமாவாசைக்குக்கூட வரல. செத்துப்போன எங்க மாமியா கோவத்துல இருக்காவன்னு அவுக சொல்லுதாவ. அதான் வயித்துல வந்தது ரெண்டும் தங்கல."

ஊருக்குப் போய் மாமியாருக்குப் படையல் போட்டார்களாம். பரிகாரம் என்று யார் எதைச் சொன்னாலும் செய்தார்களாம். இந்தத் தடவையாவது அந்த அம்மாள் மனம் இரங்கி இதை விட்டு வைக்க வேண்டும் என்று சொல்லி வயிற்றைத் தடவிக்கொண்டாள். உயிரோடு இருந்தபோதுகூட அந்த மாமியார் இவளை ஒரு சொல் சொன்னதில்லையாம். செத்தபிறகு ஏன் இப்படி என்றுதான் இவளுக்குப் புரியவில்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அதை அவள் கவனித்துவிட்டாள். "தண்ணி குடிக்கியளா?" என்று உள்ளே கூட்டிப் போனாள்.

சின்ன அறை. சுத்தமாக இருந்தது. சுவரில் முருகன் படம். அதற்குப் பக்கத்தில் அதே அளவில், கண்ணாடி போட்ட இன்னொரு சட்டம். இரண்டுக்கும் குங்குமம் வைத்திருந்தாள். இரண்டாவதில் சாமி இல்லை. டைப் அடித்த தாள் ஒன்று இருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன்.

எங்கள் ஆபீஸ் ரிப்போர்ட். போன வருஷத்தது. கிணறு, தவளைகள், மாதவன் பிள்ளை. கீழே விஜயனின் கையெழுத்து. இடது மூலையில், டைப் அடித்தவர் போடுகிற இரண்டு சின்ன எழுத்துகள். என் இனிஷியல்.

"கெவருமெண்டு பேப்பரும்மா" என்றாள் செல்வி, கையில் டம்ளரோடு. "மொதல்ல வந்தப்ப, இங்க என்னென்னவோ போட்டு வச்சிருக்காவளே, தண்ணி நல்லாருக்குமான்னு அவுக மொதலாளிகிட்ட கேட்டாவ. அவரு பழைய பேப்பர் ஒண்ணக் காட்டுனாரு. போன வருசம் புதுசு வந்தப்ப ஒரு காப்பிய எங்களுக்கே குடுத்துட்டாரு. தண்ணி நல்ல தண்ணின்னு இதுல எழுதியிருக்காம்லா. அதான் சாமி பக்கத்துல மாட்டிட்டாவ."

டம்ளர் என் கைக்கு வந்துவிட்டது. குளிர்ந்த, சுத்தமான, கண்ணாடி மாதிரித் தண்ணீர். வீட்டுக்கு வந்தவர் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் வைத்தால் நம் ஜனங்களுக்கு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் டம்ளரை உதடு வரைக்கும் கொண்டுபோனேன். நான்கு தடவை எழுதிக் கொடுத்த தண்ணீர்தானே? ஒரு வாய் குடிக்க முடியாதா?

முடியவில்லை.

"இதைக் குடிக்காதே செல்வி" என்றேன்.

"பேப்பர் இருக்கேம்மா" என்றாள்.

"அதை எழுதினது நான்தான்."

அவள் சட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டாள்.

"பாத்துட்டுத்தானம்மா எழுதுனிய?"

எட்டு வருஷத்தில் என்னிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அதிகாரிகள் கேட்டதில்லை, ஆடிட்காரர்கள் கேட்டதில்லை. தேதி சரியா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்று பிரதி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். இதை, எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண் கேட்டாள். இல்லை என்று சொன்னேன். வேறென்ன சொல்ல?

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. என் கையிலிருந்து டம்ளரை வாங்கி, வாசலுக்குப் போய், தண்ணீரை மண்ணில் ஊற்றினாள். "அப்ப எங்க மாமியா..." என்று ஆரம்பித்தவள் மேலே சொல்லவில்லை. உள்ளே வந்து அந்தச் சட்டத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். வாங்கினேன். குங்குமம் என் விரலில் அப்பிக்கொண்டது.

அவள் புருஷன் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம். வந்ததும் விஜயன் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னார். வேலை போய்விடுமே என்று அவன் முதலில் பயந்தான். அப்புறம் பெண்டாட்டியின் வயிற்றைப் பார்த்தான். ஜங்ஷன் பைப்பிலிருந்து சைக்கிளில் இரண்டு குடம் கொண்டுவந்துவிடுவதாகச் சொன்னான். விஜயன் கிணற்றுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுக்கவில்லை. எதை எடுப்பது? எடுத்தால் அழகாகத்தான் விழுந்திருக்கும்.

சேனையும் வாங்கவில்லை, காய்ச்சிலும் வாங்கவில்லை.

மறுநாள் ஆபீஸுக்கு வந்து அந்த ஃபைலைப் பிரித்தேன். நான்கு ரிப்போர்ட்டுகள், நான்கு மாதவன் பிள்ளை கையெழுத்துகள். வரிசையாக வைத்துப் பார்த்தேன். நான்கிலும் கடைசி எழுத்தின் வால் ஒரே இடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. முதல் தாளை ஜெராக்ஸ் எடுத்தபோது ஓரம் கொஞ்சம் சரிந்திருக்கிறது. கிடங்குக்காரர்கள் ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் அதையே திரும்பத் திரும்ப வைத்து அனுப்பியிருக்கிறார்கள். செத்துப்போன மனிதர் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து, இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறேன் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நானும் வாங்கிப் பஞ்ச் பண்ணி ஃபைலில் கோத்திருக்கிறேன்.

அந்தத் தவளைகள் எப்போது செத்தனவோ! ஆனால் எட்டு வருஷமாக அவற்றைச் சாகவிடாமல் வைத்திருந்தது நான்தான்.

சீர்திருத்தக் குறிப்பைக் கிழித்துப் போட்டேன். வேறொன்று எழுதினேன். பார்த்தது, கேட்டது, கேட்காதது, எல்லாம். பார்க்காமல் டைப் அடித்தேன் என்பதையும் எழுதினேன். செல்வி கொடுத்த தாளைச் சட்டத்திலிருந்து எடுத்து இணைப்பாக வைத்தேன். விஜயன் மத்தியானம் பூராவும் யோசித்தார். அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். நான்கு மணிக்கு வந்து, என் கையெழுத்துக்குக் கீழே தானும் போட்டுவிட்டுப் போனார்.

அதிகாரி குறிப்பை இரண்டு தடவை படித்தார். தாளில் சிவப்பாக இருந்ததைத் தொட்டுப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். குங்குமம் என்றேன். கெட்டவர் இல்லை அவர். என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். "இப்ப தவளை இல்லைன்னு எழுதினா, எப்ப இருந்து இல்லைன்னு கேப்பாங்க மேடம். என்ன சொல்வீங்க?"

"தெரியாதுன்னு சொல்வேன் சார். அதைத்தான் எழுதியிருக்கேன்."

எனக்கும் விஜயனுக்கும் மெமோ வந்தது. வர வேண்டியதுதான். தண்ணீர்ப் பரிசோதனை முடிவும் வந்தது. 'குடிக்கத் தகுதியற்றது' என்று இரண்டே வார்த்தை. அனுமதி ரத்தாயிற்று, கிடங்கை மூடினார்கள். தானாகப் புதுப்பிக்கிற யோசனையைக் கமிட்டி கைவிட்டது. புதிய விதி வந்தது. ஒவ்வொரு முறையும் ஆள் நேரில் போக வேண்டும். ரிப்போர்ட்டை அந்த இடத்திலேயே உட்கார்ந்து கைப்பட எழுத வேண்டும். பழைய ரிப்போர்ட்டைக் கூடவே எடுத்துப் போகக் கூடாது. நான்காவதாக நான் ஒன்று எழுதியிருந்தேன் — எழுதியவர் அங்கேயே அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு டம்ளர் குடித்துவிட்டு வர வேண்டும். கமிட்டியில் சிரித்துவிட்டு அதை மட்டும் அடித்துவிட்டார்கள். நான் விளையாட்டுக்கு எழுதவில்லை.

சரி, விதி வந்தாயிற்று. தங்காமல் போன அந்த இரண்டுக்கும் தண்ணீர்தான் காரணமா? டாக்டரைக் கேட்டேன். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மாமியார் காரணமில்லை என்பது மட்டும் எனக்கு உறுதியாகத் தெரியும். தண்ணீருக்கும் மாமியாருக்கும் நடுவில் எங்கேயோ என் இனிஷியல் இருக்கிறது. அதை அடித்துத் திருத்த எந்த விதியிலும் இடமில்லை.

செல்வியும் புருஷனும் தென்காசிப் பக்கமே திரும்பிவிட்டார்கள். போகிற அன்று, குழந்தை பிறந்ததும் எழுதிப் போடச் சொல்லி, ஆபீஸ் விலாசம் எழுதிய தபால் கார்டு ஒன்றை அவள் கையில் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டாள். என்னை மன்னித்தாளா என்று முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியவில்லை. கேட்கவும் எனக்குத் துணிச்சல் இல்லை. அதன் பிறகு தபால்காரர் மாடி ஏறி வரும்போதெல்லாம் அவர் கையில் கார்டு இருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பேன்.

டிரெஷரியில் அந்தப் பெண்ணிடம் நான் இதையெல்லாம் சொல்லவில்லை. பின்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அடுத்த வருஷமும் வருவேன், அப்போதும் நிமிர்ந்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கிழவிக்கு ஏதோ கோளாறு என்று நினைத்திருப்பாள். நினைத்துக்கொள்ளட்டும்.

கார்டு வந்ததா என்று கேட்கிறீர்களா?

ஏழு மாசம் கழித்து வந்தது. யாரோ எழுதிக் கொடுத்தது, பென்சிலில். 'பொம்பளப் புள்ள. நல்லாருக்கா. தை அமாவாசைக்கு வச்ச சோத்துல ஒரே நேரத்துல ஏழெட்டு காக்கா வந்து சண்ட போட்டுது. கொசுக்கடிதான் தாங்க முடியல. புள்ள ராப்பகலா அழுதா.'

அழட்டும், கண்ணு... நன்றாக அழட்டும்.